முதலில் பிரசவ வார்டு, அப்புறம் முகாம்

அன்புள்ள அக்கா,

போன சனிக்கிழமை உசிலம்பட்டியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தீர்கள். பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம் படிக்கிற பிள்ளை, வெள்ளம் வந்த ஊரிலும் அகதி முகாமிலும் போய்ப் பிரசவம் பார்க்கும் வேலைதான் வேண்டும் என்கிறாள். "பொம்பளப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டீர்கள். அவளை வைத்துக்கொண்டு முழுதாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த வேலை எங்கோ தூரதேசத்தில் மட்டும் இருப்பதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் சிக்கியபோது கர்ப்பிணியை ஹெலிகாப்டரில்தான் தூக்கி வர வேண்டியிருந்தது. இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நம் மதுரை மாவட்டத்து ஆனையூரிலும் உச்சப்பட்டியிலும் திருவாதவூரிலும் முகாம்களில்தான் பிள்ளை பெற்று வளர்த்தார்கள். வீடு போனாலும் சாலை போனாலும் பிரசவ வலி நாள் தள்ளிப் போடாது.

இதற்கென்றே உலக அளவில் ஒரு வழிமுறை இருக்கிறது. பேரிடர்க் காலத்தில் தாய்சேய் நலம் பார்க்கும் அமைப்புகள் 1995-ல் ஒன்றுகூடி ஒரு கூட்டுக்குழு அமைத்தன. அவர்கள் வகுத்த குறைந்தபட்ச சேவைத் தொகுப்பைச் ஆங்கிலச் சுருக்கமாக 'மிஸ்ப்' (MISP) என்பார்கள். நெருக்கடி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் அதில் உள்ள வேலைகளை ஆரம்பித்துவிட வேண்டும். அந்த ஊரின் பிரசவக் கணக்கு கையில் இல்லாவிட்டால் 10,000 பேருக்கு மூன்று மாதத்தில் 100 பிரசவம், அதில் சுமார் 15-ல் சிக்கல் வரும் என்று வைத்து மருந்தும் பெட்டியும் கேட்பார்கள். மருத்துவமனைக்குப் போகவே முடியாத கர்ப்பிணிக்குச் சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, புது பிளேடு, தொப்புள்கொடி கட்டும் நூல் எல்லாம் ஒரு பொட்டலமாகக் கொடுப்பார்கள்.

சிக்கல் வரும் அந்தப் பதினைந்து பேருக்காகத்தான் பயிற்சி. பிரசவம் முடிந்ததும் ரத்தம் நிற்காமல் போனால் ஆக்சிடோசின் ஊசி போடுவோம். அது குளிர்சாதனப் பெட்டியில் இருக்க வேண்டிய மருந்து. கரண்டே இல்லாத இடத்தில் மிசோப்ரோஸ்டால் மாத்திரை கைகொடுக்கும். துடைத்துத் தேய்த்துவிட்டும் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் முகத்தில் மாஸ்க் வைத்து, கையால் அமுக்கும் காற்றுப் பையால் மூச்சு கொடுக்க வேண்டும். இதைப் புத்தகம் பார்த்துச் செய்ய முடியாது, கை தானாகப் போக வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பலாத்காரத்துக்கு ஆளான பெண்களும் அங்கே வருவார்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடை மாத்திரையை 120 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மருந்தைவிட முக்கியம், அந்தப் பெண்ணிடம் குற்றம் சாட்டாமல் பேசத் தெரிவது. உங்கள் மகளுக்கு அந்தப் பக்குவம் இருக்கிறது என்று அவளிடம் பேசியபோது எனக்குத் தோன்றியது.

சரி, என்ன படிக்க வைப்பது? 'பேரிடர் நர்சிங் டிப்ளமோ' என்று யாராவது பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அப்படி ஓரிடத்தில் பணம் கட்டி, எங்கேயும் செல்லாத ஒரு சான்றிதழோடு என்னிடம் வந்து அழுதாள். மிஸ்ப் அடிப்படைப் பாடம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, முடித்தால் சான்றிதழும் உண்டு. லீவு நாட்களில் உட்கார்ந்தால் போதும்.

ஆனால் அந்தப் பாடம் மட்டும் வேலை வாங்கித் தராது. படிப்பு முடிந்ததும் நர்ஸ், மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பவர்) பதிவை முடித்துவிட்டு, நிறையப் பிரசவம் நடக்கும் ஒரு மருத்துவமனையின் லேபர் வார்டில் இரண்டு மூன்று வருடம் இருக்கட்டும். நைட் டியூட்டியும் பார்க்கட்டும். போர், பேரிடர் நடக்கும் இடங்களில் மருத்துவம் பார்க்கும் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' போன்ற அமைப்புகள் அனுபவம் இல்லாதவர்களை எடுப்பதில்லை. பிரசவம் பார்ப்பதிலேயே ஆழமாகப் போக நினைத்தால் 18 மாத மிட்வைஃபரி நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் இருக்கிறது. ஆங்கிலம் சரளமாக வர வேண்டும்.

ஆக, அவள் நாளைக்கே கிளம்பப் போவதில்லை அக்கா. இந்த இரண்டு மூன்று வருடமும் மதுரையிலேயே இருக்கலாம். கல்யாணப் பேச்சையும் அவளைக் கேட்டு, அவசரமில்லாமல் நடத்தலாம்.

அடுத்த முறை வரும்போது அவளுடைய பிரசவ கேஸ் ரெக்கார்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எத்தனை பிரசவத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தாள், எத்தனையைத் தன் கையால் எடுத்தாள் என்று மூவரும் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்போம். அதை வைத்து எந்த மருத்துவமனைக்கு விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யலாம்.