குருசேவ் கியூபாவில் தோற்றாரா? விடைத்தாளில் எப்படி எழுதுவது

கேள்வி: குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன். "1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில் குருசேவ் பின்வாங்கியது தோல்வியே. விவாதிக்க" என்று ஒரு பயிற்சி வினா. ஒரு புத்தகம் தோல்வி என்கிறது, இன்னொன்று ராஜதந்திர வெற்றி என்கிறது. எதை எழுதுவது?

பதில்: இரண்டு புத்தகங்களிலும் பொய் இல்லை. 1962-இல் வெளியே தெரிந்ததை வைத்து ஒன்று பேசுகிறது, 1989-க்குப் பிறகு தெரிய வந்ததை வைத்து மற்றது பேசுகிறது. இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பாதி வேலை முடிந்தது.

சோவியத் தலைவர் குருசேவ் கியூபாவில் ரகசியமாக அணு ஏவுகணைகளை நிறுத்தினார், அவற்றை எடுக்கச் சொல்லி அமெரிக்கா மிரட்டியது; இதுதான் நெருக்கடி. அக்டோபர் 28 அன்று மாஸ்கோ வானொலி குருசேவின் கடிதத்தை வாசித்தது: ஏவுகணைகள் கழற்றப்பட்டுத் திரும்பக் கொண்டுவரப்படும். பதிலுக்கு அமெரிக்க அதிபர் கென்னடி தந்ததாக உலகம் அறிந்தது, கியூபாவின் மீது படையெடுக்க மாட்டோம் என்ற வாக்குறுதி மட்டும். ஆனால் முந்தைய நாள் இரவே அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தொப்ரினினைச் சந்தித்து, துருக்கியிலிருந்த அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகள் சில மாதங்களில் அகற்றப்படும், ஆனால் இது வெளியே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். அதை எழுத்தில் பதிய வைக்கக் குருசேவ் ஒரு கடிதம் அனுப்பினார். ராபர்ட் கென்னடி அதை வாங்கிப் பார்த்துவிட்டு அடுத்த நாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். 1963 ஏப்ரலில் ஜூபிடர்கள் போய்விட்டன. பேரம் நடந்ததை 1989 மாஸ்கோ மாநாட்டில்தான் கென்னடியின் உதவியாளர் சோரன்சன் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

என் கணிப்பில், குருசேவ் சறுக்கியது ஏவுகணையைத் திரும்பப் பெற்றதில் அல்ல, அந்த ரகசியத்துக்கு ஒப்புக்கொண்டதில். கிடைத்ததைக் காட்ட முடியாத பேரம் அது. கொடுத்தது மட்டும் ஊரறியத் தெரிந்தது.

ஏவுகணைகளை வைத்த நோக்கத்தைப் பற்றி எழுதும்போது "கம்யூனிசத்தைப் பரப்ப" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். 1961 ஏப்ரலில் கியூபாவின் மீது அமெரிக்கா பின்னின்று நடத்திய பன்றிகள் விரிகுடா தாக்குதல் நடந்தது. அமெரிக்கா மறுபடி வரும் என்று கியூபத் தலைவர் காஸ்ட்ரோவும் மாஸ்கோவும் நம்பினார்கள். அது ஒரு காரணம். இன்னொன்று கணக்கு: கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளில் சோவியத் ஒன்றியம் வெகுவாகப் பின்தங்கியிருந்தது. நடுத்தரத் தூர ஆர்-12 ஏவுகணையைக் கியூபாவில் நிறுத்தினால் அந்தக் குறை மலிவாகத் தீரும். இந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'அனாதிர்', சைபீரியாவின் வடகிழக்குக் கோடியில் ஓடும் ஆற்றின் பெயர். கரீபியனுக்குப் போகும் படைக்கு ஏமாற்றுக்காகப் பனிக்கால உடையெல்லாம் ஏற்றினார்கள்!

மதிப்பெண் கூடும் இடம் அடுத்தது. கம்யூனிஸ்ட் தலைவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை என்பதைக் காட்டுங்கள். நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்கா படையெடுத்தால் அணு ஆயுதத்தால் முந்தித் தாக்க வேண்டும் என்ற பொருளில் காஸ்ட்ரோ குருசேவுக்கு எழுதினார். குருசேவ் அதிர்ந்துபோனார். பின்வாங்கும் முடிவைக் காஸ்ட்ரோவைக் கேட்காமலே எடுத்தார். கோபத்தில் காஸ்ட்ரோ, ஏவுகணைகள் அகற்றப்பட்டதைச் சர்வதேசக் குழு தன் மண்ணில் வந்து சரிபார்க்க இடம் தரவே இல்லை. சமாதானம் பேசப் போன மூத்த சோவியத் தலைவர் மிக்கோயான், மனைவி மாஸ்கோவில் இறந்த செய்தி வந்த பிறகும் ஹவானாவிலேயே தங்கிப் பேச வேண்டியிருந்தது. பீஜிங்கோ, வைத்தது சாகசவாதம், எடுத்தது சரணாகதி என்று இரண்டு பக்கமும் அடித்தது.

இந்திய இணைப்பு ஒன்று உண்டு. அக்டோபர் 20 அன்று சீனா நம் எல்லையில் தாக்கியது. கியூபா பதற்றத்தில் மாஸ்கோவுக்குச் சீனாவின் ஆதரவு தேவைப்பட்ட நேரம். சோவியத் கட்சி நாளிதழான பிராவ்தாவின் அக்டோபர் 25 தலையங்கம் சீனாவின் பக்கம் சாய்ந்தது. நெருக்கடி தணிந்ததும் மாஸ்கோ பழையபடி நடுநிலைக்குத் திரும்பியது. இரண்டு வரி போதும், அதற்கு மேல் போனால் வினாவை விட்டு விலகிவிடுவீர்கள்.

1964 அக்டோபரில் குருசேவ் நீக்கப்பட்டதைக் கியூபாவின் நேரடி விளைவு என்று எழுத வேண்டாம். விவசாயத் தோல்விகளும், சகாக்களைக் கலக்காமல் தன்னிச்சையாக முடிவெடுத்த போக்கும் சேர்ந்துதான் அவரை இறக்கின. கியூபா அந்தப் பட்டியலில் ஒன்று.