நிலையான வளர்ச்சியைப் பல துறைகளைச் சேர்த்து ஆய்வு செய்ய எங்கிருந்து தொடங்குவது?

பொருளியல் முதுகலை ஆய்வேட்டுக்கு எந்தத் துறைப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். புத்தகம் பிறகு, முதலில் ஓர் ஏரியைத் தேர்ந்தெடுங்கள்; எல்லாத் துறைகளும் அங்கே சந்திக்கும். நிலையான வளர்ச்சிக்கு 1987 புருண்ட்லாண்ட் அறிக்கை (ஐ.நா. ஆணையத்தின் அறிக்கை) தந்த வரையறையை எழுதிவிட்டு, துறைக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்தால் ஒன்றுக்கொன்று ஒட்டாத ஐந்து குட்டிக் கட்டுரைகள்தான் மிஞ்சும்.

முதலில் இடறும் இடம், ஆண்டு. மழைக் கணக்கு பெரும்பாலும் ஜனவரி–டிசம்பர், அரசுச் செலவு ஏப்ரல்–மார்ச், கிராம அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற பதிவேடு) பசலி என்ற வருவாய்த்துறை ஆண்டுப்படி ஜூலை–ஜூன். நவம்பர் மழையில் ஏரி நிரம்பும். அந்தத் தண்ணீரில் விளைந்த சம்பா ஜனவரி, பிப்ரவரியில் அறுவடையாகும். நாட்காட்டி ஆண்டுப்படி அட்டவணை போட்டால் மழை ஒரு வரிசையிலும் விளைச்சல் அடுத்த வரிசையிலும் விழும். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கணினி சொல்லும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். எல்லாவற்றையும் பசலிக்கு மாற்றுங்கள். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆண்டு: 1430 என்றால் 2020 ஜூலை. இதற்கு மழையளவை மாத வாரியாக வாங்க வேண்டும்.

அடுத்தது அலகு. பொறியாளர் மில்லியன் கன அடி என்பார், வேளாண்மைக்காரர் மில்லிமீட்டர் என்பார், விவசாயி மடை திறந்த நாட்களைச் சொல்வார். ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. நீர் என்பது 10 கன மீட்டர். உதாரணத்துக்கு, 20 ஹெக்டேர் நீர்ப்பரப்பு, சராசரி ஆழம் 1.5 மீட்டர் என்றால் 3 லட்சம் கன மீட்டர், சுமார் 10.6 மில்லியன் கன அடி. நெல்லுக்கு 1,200 மி.மீ. என்று வைத்தால் ஹெக்டேருக்கு 12,000 கன மீட்டர். ஒருமுறை நிரம்பினால் 25 ஹெக்டேர் பாயும். ஆவியும் கசிவும் போனால் அதுவும் குறையும். அடங்கலில் 60 ஹெக்டேர் நெல் இருந்தால் மீதிக்குத் தண்ணீர் ஏது? வயலில் பெய்த மழையா, ஏரி மறுபடி பெருகியதா, கிணறா?

உங்கள் ஆய்வுக் கேள்வி இங்கேதான் இருக்கிறது. கிணறு வைத்திருப்பவருக்கு ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்டவும், வயல்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டிக்குக் கூலியாக நெல் அளக்கவும் மனம் வராது. வாய்க்கால் தூர்ந்தால் முதலில் காய்வது வாய்க்காலின் கடைசியில் இருக்கும், கிணறில்லாத கடைமடைக்காரர் வயல். பொறியாளர் கணக்கில் அது வண்டல், சமூகவியலாளர் கணக்கில் ஊர்க்கட்டு, அதாவது ஊரார் கூடி வைத்த கட்டுப்பாடு, தளர்ந்தது. (பொதுவள நிர்வாகத்தை ஆராய்ந்து 2009-இல் பொருளியல் நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் அரசியல் அறிவியல்காரர். வழிகாட்டி முகம் சுளித்தால் சொல்லிப்பாருங்கள்.)

பேட்டிக்குத் தலைமடை, நடு, கடைமடை மூன்றிலும் ஆள் எடுங்கள். ஆயக்கட்டுப் (ஏரிப்பாசன நிலம்) பட்டியலோடு நின்றால் நிலமில்லாதவர்கள் விடுபட்டுப்போவார்கள்; மேய்ச்சலும் மீனும் அவர்களுக்கும் அந்த ஏரியில்தான்.