குழாயை விட்டு மொட்டை மாடிக்குப் போங்கள்: அலுவலகத் தண்ணீர் கேள்வி-பதில்

சென்னை ஓ.எம்.ஆரில் எட்டு மாடி அலுவலகம். லாரித் தண்ணீர்ச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. குழாய்களை மாற்றிவிடலாமா?

முதலில் மீட்டர் வையுங்கள். சம்ப்புக்கு ஒன்று போதாது. கைகழுவும் குழாய், ஃப்ளஷ், கூலிங் டவர் (ஏ.சி.யின் சூட்டைத் தண்ணீரால் ஆற்றும் மொட்டை மாடிக் கோபுரம்), தோட்டம் நான்குக்கும் தனித்தனி. கடைசி ஆள் கிளம்பியதும் ஒரு அளவு, காலையில் முதல் ஆள் வருமுன் ஒரு அளவு குறியுங்கள். ஃப்ளஷ் மீட்டர் ஓடியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் கலர் பொடி போட்டுக் கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். கீழே கோப்பையில் கலர் இறங்கினால் வாஷர் போய்விட்டது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு அலுவலகத்துக்குச் சொல்வது நாளொன்றுக்குத் தலைக்கு 45 லிட்டர். ஏ.சி., தோட்டக் கணக்கைக் கழித்து ஒப்பிடுங்கள்.

கூலிங் டவருக்கு அவ்வளவு தண்ணீரா போகும்?

போகும். 500 டன் குளிரூட்டும் திறனுள்ள சில்லர் (பெரிய ஏ.சி. இயந்திரம்) முழு லோடில் ஓடினால் மணிக்கு 3,000 லிட்டருக்கு மேல் ஆவியாகவே போய்விடும். அதைத் தடுக்க முடியாது. ஆனால் உப்பு சேர்ந்துவிட்டதென்று வடித்துவிடுகிறோமே, அதில் கை வைக்கலாம். பல இடங்களில் டைமர் வைத்துத் திறந்துவிடுகிறார்கள்; தண்ணீர் இன்னும் நன்றாகவே இருக்கும். டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, பார்த்துத் திறக்கும் வால்வு போடுங்கள். உப்பு மூன்று மடங்கானதும் வடிப்பதை ஆறு மடங்கு வரை தள்ள முடிந்தால், புதிதாக ஊற்றுவது 20 சதவீதம் குறையும்.

போர்வெல் தண்ணீர் உப்பென்றால் அவ்வளவு தூரம் போகாது, படிவு கட்டிவிடும். அதற்கும் வழி உண்டு. ஏ.ஹெச்.யூ.க்களிலிருந்து (அறைகளுக்குக் குளிர்காற்றைத் தள்ளும் ஏ.சி. பெட்டிகள்) சொட்டும் தண்ணீரில் உப்பே கிட்டத்தட்ட இல்லை, நம் கடற்கரைப் புழுக்கத்தில் அது தாராளமாகவே கிடைக்கும். அதைச் சாக்கடையில் விட்டுவிட்டு, யாரோ ஒருவரின் வயல் கிணற்றுத் தண்ணீரை லாரியில் வரவழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குழாய் போட்டு டவரில் சேருங்கள்.

எஸ்.டி.பி.யில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) வரும் தண்ணீர் நாறுகிறது, ஃப்ளஷுக்கு வேண்டாம் என்கிறார்கள் ஊழியர்கள்.

அவர்கள் சொல்வது நியாயம்தான். பெரும்பாலும் காற்று போதாத கோளாறு. சனி, ஞாயிறு அதற்குக் காற்று ஊதும் ப்ளோயரை நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். நிறுத்தினால் கழிவைத் தின்னும் நல்ல கிருமிகள் செத்து, திங்கட்கிழமை நாறத்தான் செய்யும்.

புல்வெளியை எடுக்க மேலிடம் சம்மதிக்கவில்லை.

வாசலில் மட்டும் விடுங்கள். யாரும் கால் வைக்காத ஓரங்களில் அரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ நட்டு, சருகு மூடாக்குப் போட்டு, சொட்டு நீர் விடுங்கள். வேர் பிடிக்கும்வரை கவனித்தால் போதும்.

அப்போ குழாய்?

கடைசியாக. நுனியில் ஏரேட்டர் (தண்ணீரோடு காற்றைக் கலக்கும் சின்ன மூடி) மாட்டினாலே பாதிக்குமேல் மிச்சம். குழாயையே மாற்ற வேண்டியதில்லை.