ஆயுதக் குறைப்பும் நில அதிர்வுமானியும் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஆயுதக் குறைப்பு பற்றிய உங்கள் கட்டுரையில், அறிவியலாளர்கள் இல்லாமல் எந்த ஒப்பந்தமும் நிற்காது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. 1915ல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் குளோரின் வாயுவைத் திறந்துவிடும் வேலையை முன்னின்று நடத்திய ஃப்ரிட்ஸ் ஹேபர் ஒரு வேதியியலாளர். நோபல் பரிசும் வாங்கினார். அணுகுண்டைச் செய்தவர்கள் அந்தக் காலத்தின் தலைசிறந்த இயற்பியலாளர்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. ஆயுதத்தைச் செய்து கொடுத்தவர்களே அதைக் குறைக்கவும் வருகிறோம் என்றால் எப்படி நம்புவது? ஆயுதக் குறைப்பு முழுக்க முழுக்க அரசியல்தானே? ஆயுத வேலைக்கு வரமாட்டேன் என்று விலகிக்கொள்வதைத் தவிர அறிவியலாளரால் வேறென்ன செய்ய முடியும்? நான் இயற்பியல் முதுகலை படிக்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விலகிக்கொள்வதை நானும் மதிக்கிறேன். ஜெர்மனியால் அணுகுண்டு செய்ய முடியாது என்று தெரிந்ததும், 1944 இறுதியில் இயற்பியலாளர் ஜோசப் ரோட்பிளாட், அமெரிக்காவின் அணுகுண்டு முயற்சியான மன்ஹாட்டன் திட்டத்தை விட்டு வெளியேறினார். அதனால் குண்டு வேலை நின்றுவிடவில்லை. அவருடைய பெரிய வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. 1957 முதல் பக்வாஷ் மாநாடுகளில் பனிப்போரின் இரு தரப்பு விஞ்ஞானிகளையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். ரோட்பிளாட் அதற்காகப் பல பத்தாண்டுகள் உழைத்தார்.

முடிவெடுப்பது அரசியல்தான், சரி. ஆனால் ஒப்பந்தம் வேண்டாம் என்பதற்கு அரசியல்வாதி அதிகம் சொல்லும் காரணம் எது? "எதிராளி ஏமாற்றினால் நம்மால் கண்டுபிடிக்க முடியாது." அது உண்மையா பொய்யா என்று அளந்துதான் சொல்ல முடியும். அளப்பது உங்கள் துறை ஆட்களின் வேலை.

1963ல் நடந்ததைப் பாருங்கள். காற்றுவெளியிலும் கடலடியிலும் விண்வெளியிலும் அணுச் சோதனை கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள். நிலத்தடிச் சோதனையை மட்டும் விட்டுவிட்டார்கள். தூரத்தில் பதிவாகும் ஓர் அதிர்வு வெடிப்பா, நிலநடுக்கமா என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல அன்றைய நில அதிர்வியலால் முடியவில்லை. அப்படியானால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை வரலாம் என்றது சோவியத் தரப்பு. குறைந்தது ஏழு முறை வேண்டும் என்றது அமெரிக்கா. பேச்சு அங்கேயே முறிந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளுக்கு மண்ணுக்கடியில் வெடித்துக்கொண்டே இருந்தார்கள்.

இதன் அடுத்த கட்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. நிலத்தடிச் சோதனை 150 கிலோ டன்னை (ஒரு கிலோ டன் என்பது ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல்) தாண்டக் கூடாது என்று 1974ல் இரு நாடுகளும் கையெழுத்திட்டன. சோவியத் யூனியன் அந்த வரம்பை மீறுகிறது என்று எண்பதுகளில் அமெரிக்க அரசு குற்றம்சாட்டியது. நில அதிர்வியலாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன காரணம் பாறை. அமெரிக்கா சோதனை நடத்திய நெவாடாவின் அடி ஆழம் சூடானது, அதிர்வலைகளை உறிஞ்சிவிடும். கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்கில் அடியில் கிடப்பது பழைய, குளிர்ந்த, கெட்டியான பாறை. அதில் அலை அதிகம் தேயாமல் வெகுதூரம் போகும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு குண்டை வெடித்தாலும் கஜகஸ்தான் குண்டு பெரிதாகத்தான் பதிவாகும். நெவாடாவின் கணக்கை அங்கே அப்படியே போட்டால் வரம்பை மீறியது போலத் தெரியும்.

அரசுகள் இதில் இழுபறியாக இருந்தபோது, 1986 மே மாதம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்றும் சோவியத் அறிவியல் அகாதமியும் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. ஜூலையில் அமெரிக்க விஞ்ஞானிகள் கருவிகளோடு கஜகஸ்தானில் இறங்கினார்கள். சோதனைத் தளத்தைச் சுற்றி, கர்கராலின்ஸ்க் போன்ற இடங்களில் நில அதிர்வுமானிகளை நிறுவினார்கள். அந்நியர் யாரும் கருவியோடு நெருங்கவே முடியாது என்று நம்பப்பட்ட பகுதி அது. 1988ல் அரசுகளே கூட்டுச் சோதனைக்கு வந்தன. ஆகஸ்டில் நெவாடாவிலும் செப்டம்பரில் செமிபலாட்டின்ஸ்கிலும் ஒருவர் வெடிப்பை மற்றவர் பக்கத்தில் இருந்து அளந்தார்கள். 1974ல் கையெழுத்தான அந்த ஒப்பந்தம் 1990ல்தான் நடைமுறைக்கு வந்தது.

அப்புறம் 1996ன் முழுமையான அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம். அதற்காகத் திட்டமிட்ட கண்காணிப்பு வலையமைப்பில் 337 இடங்கள். நிலத்தையும் கடலையும் காற்றில் வரும் தாழ் ஒலியையும் கேட்கிறார்கள், காற்றில் கலந்த கதிரியக்கத் துகளையும் வாயுவையும் சலிக்கிறார்கள். வட கொரியா 2006 அக்டோபர் 9 அன்று வெடித்தது ஒரு கிலோ டன்னுக்கும் குறைவு. அதிர்வு உலகெங்கும் பதிவானது. சுமார் இரண்டு வாரம் கழித்து, கனடாவின் யெல்லோநைஃபில் இருந்த கருவி, அணுவெடிப்பில் உண்டாகும் கதிரியக்கச் செனான் வாயுவைப் பிடித்தது. செனான் எதனோடும் எளிதில் சேராது, பாறை இடுக்கு வழியே கசிந்து வெளியே வந்துவிடும். அதில் செனான்-133 என்ற வகை சுமார் ஐந்து நாளுக்கொருமுறை பாதியாகத் தேய்ந்துவிடும், தாமதித்தால் அகப்படாது. இத்தனை நுட்பம் இருந்தும் அந்த ஒப்பந்தம் இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்திட்டும் ஏற்புறுதி, அதாவது சட்டப்படியான இறுதி ஒப்புதல், அளிக்கவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் வட கொரியாவும் கையெழுத்தே போடவில்லை. ரஷ்யா தன் ஏற்புறுதியை 2023ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. இங்கே நீங்கள் சொல்வது சரி, இது அரசியல்தான். ஆனால் கண்டுபிடிக்க முடியாது என்ற பழைய காரணத்தை இனி யாரும் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது. (வரம்புகள் இல்லாமல் இல்லை. 1998 மே 13 அன்று இந்தியா வெடித்ததாக அறிவித்த இரண்டு சிறு சோதனைகளும் வெளிநாட்டு நில அதிர்வு நிலையங்களில் பதிவாகவில்லை.)

எனக்கு உண்மையில் பயம் தருவது அளக்கும் கருவியே இல்லாத இடம். 1972ன் உயிரியல் ஆயுத ஒப்பந்தத்தில் சரிபார்க்க எந்த ஏற்பாடும் கிடையாது. சோவியத் யூனியன் அதில் கையெழுத்திட்டுவிட்டு ரகசியமாகப் பெரிய ஆயுதத் திட்டம் நடத்தியது. 1979ல் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகரில் ஆந்த்ராக்ஸ் பரவிக் குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்ட இறைச்சிதான் காரணம் என்றது அரசு. 1992ல் அமெரிக்க உயிரியலாளர் மேத்யூ மெசல்சனின் குழு அங்கே போய், இறந்தவர்கள் பகலில் எங்கே இருந்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்து வரைபடத்தில் குறித்தது. பெரும்பாலான புள்ளிகள் ராணுவ வளாகத்திலிருந்து காற்று வீசிய திசையில் ஒரு குறுகிய பட்டையில் விழுந்தன. உண்மை வெளியே வந்தது, ஆனால் 13 ஆண்டுகள் தாமதமாக.

செயற்கை நுண்ணறிவிலும் இதே நிலைதான். 2022ல் வெளியான ஓர் ஆய்வில், மருந்து கண்டுபிடிக்கும் நிரல் ஒன்றை நச்சுத்தன்மையை நோக்கித் திருப்பிவிட்டபோது ஆறு மணி நேரத்துக்குள் 40,000 மூலக்கூறுகளை அது எழுதிக் கொடுத்தது. நரம்பைத் தாக்கும் போர் நச்சான விஎக்ஸும் அவற்றில் இருந்தது. ஏவுகணையை எண்ணலாம். நிரலை எப்படி எண்ணுவது?

இயற்பியல் படிக்கிறேன் என்றீர்கள். உங்கள் துறையிலேயே தீராத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் இருப்பது உண்மையான அணுகுண்டுதானா என்று, அதன் வடிவமைப்பு ரகசியம் எதையும் தெரிந்துகொள்ளாமலே எப்படி உறுதிசெய்வது? நியூட்ரான்களை வைத்து அதற்கு ஒரு வழி சொல்லும் ஆய்வு 2014ல் வந்தது. குண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குறைக்கும் ஒப்பந்தம் என்றாவது வந்தால், அன்று இதற்கு விடை கையில் இருக்க வேண்டும். முதுகலை ஆய்வுக்குத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால் முதலில் இதைப் படித்துப் பாருங்கள்.