முன்னிலையும் படர்க்கையும்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு 64 வயது. சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம் இருக்கிறேன். அரசு அலுவலகம் ஒன்றில் 34 ஆண்டுகள் கணக்குப் பார்த்து, 2019 ஜூனில் 58 வயதில் ஓய்வு பெற்றேன். சென்ற ஏப்ரலில் வைப்புத்தொகை வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று 15 எச் படிவம் கொடுக்க வங்கிக்குப் போனேன். வெயில் என்பதால் மகன் காரில் கொண்டுவந்து விட்டான், கூடவே உள்ளேயும் வந்தான். கவுண்டரில் இருந்த பையன் என்னைப் பார்த்து, "பாட்டி, நீங்கள் அப்படி உட்காருங்கள்" என்றான். பிறகு மகனிடம், "அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?" என்று கேட்டான். மகன் சிரித்துக்கொண்டே "தெரியும்" என்றான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை.

இன்னொன்று. ஜனவரியில் வாசல் ஈரத்தில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தேன். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அன்றே மகன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். போன வருடம் அவன் இரண்டு முறை விழுந்தான். அவன் சாவியை யாரும் வாங்கவில்லை.

நீங்கள் எழுபதைத் தொடப்போகிறீர்கள். இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்? வயதானால் கோபம் கூடாது என்கிறார்களே, என் கோபம் தவறா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

தவறில்லை. இன்னும் கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம், அதையும் கவுண்டரிலேயே பட்டிருக்கலாம். நீங்கள் வீட்டில் இரண்டு நாள் பேசாமல் இருந்ததில் அந்தப் பையனுக்கு என்ன நஷ்டம்? அதுவும் நீங்கள் கொடுத்த 15 எச், 60 வயது ஆனவர்களுக்கென்றே இருந்த படிவம். அதற்குக் கீழே என்றால் 15 ஜி. ஏப்ரல் மாதம் முழுக்க அந்த மேசைக்கு வரிசையாக வருவது நம் வயதுக்காரர்கள்தான். வந்தவர்களையெல்லாம் அப்படித்தான் கேட்டிருப்பானோ என்னவோ.

"பாட்டி" என்றதை மட்டும் மன்னித்துவிடுங்கள். முன்பின் தெரியாதவரையும் உறவு வைத்துக் கூப்பிடுகிற ஊர் இது. அண்ணா ஒரு நாள் மாமாவாகி, மாமா ஒரு நாள் தாத்தாவாகிவிடுவார். என்னை முதன்முதலில் தாத்தா என்றது ஏற்காடு அடிவாரத்தில் பலாச்சுளை விற்ற ஒரு பெண். "தாத்தா, சுளை எடுத்துத் தரட்டுமா?" என்றாள். அவளுக்கே ஐம்பது இருக்கும். வீம்புக்கு வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டில் கண்ணாடியைப் பார்த்த பிறகுதான் அவள் பக்க நியாயம் புரிந்தது. பழத்தை விட்டதுதான் மிச்சம்.

உங்களைச் சுட்டது அடுத்த வாக்கியம் என்று நினைக்கிறேன். "உங்களுக்கு" என்று வரவேண்டிய இடத்தில் "அம்மாவுக்கு" வந்தது. பள்ளிக்கூடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் படித்தோம். யாரிடம் பேசுகிறோமோ அவர் முன்னிலை, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் படர்க்கை. ஒன்றரை அடி தூரத்தில் நின்றபடியே நீங்கள் படர்க்கை ஆக்கப்பட்டீர்கள். மருத்துவர் என் எதிரிலேயே என் மகளிடம், "இவர் ராத்திரி சரியாகத் தூங்குகிறாரா?" என்று கேட்டார். ராத்திரி நான் தூங்குவது, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் குடித்தனம் நடத்தும் அவளுக்கு எப்படித் தெரியும்? துணிக்கடையில், "பெரியவருக்கு வெள்ளையே எடுத்துப் போடு" என்றார்கள். எனக்குக் கத்தரிப்பூ நிறச் சட்டை பிடிக்கும்.

நம்மைப் படர்க்கைக்குத் தள்ளுகிற அந்த வயதை யார் குறிக்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் 58-ல் வெளியே வந்தீர்கள். 2020 மே மாதம் தமிழக அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது, 2021 பிப்ரவரியில் 60. உங்களைவிடச் சரியாக ஒரு வயது இளையவர் ஒருவர் அதே அலுவலகத்தில் இருந்திருந்தால், 2022 ஜூன் வரை நாற்காலியில் இருந்திருப்பார். வயதில் ஒன்று, வேலையில் மூன்று. இதற்கிடையில் 58 வயது மூளைக்குப் புதிதாக எதுவும் முளைத்துவிடவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் ஓய்வுப் பலன்களை மொத்தமாகக் கொடுக்கக் கஜானாவில் பணம் இல்லை என்றுதான் அப்போது டீக்கடையில் பேசிக்கொண்டோம்.

இந்தப் பேச்சு எடுத்தால் சேலத்தில் யாராவது ராஜாஜியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 1917-ல் இந்த ஊர் நகராட்சித் தலைவர் ஆனவர், 1959-ல் 80 வயதில் புதிதாக ஒரு கட்சி தொடங்கினார், 83 வயதில் வாஷிங்டன் போய் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லிக் கென்னடியிடம் பேசினார் என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் எனக்கு இந்த உதாரணம் பிடிப்பதில்லை. கட்சி தொடங்கினால்தான் கிழவருக்கு மரியாதையா? கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரு பெண்ணிடம் கையெழுத்தை நேராகக் கேட்க, அவர் கென்னடியைப் பார்த்திருக்க வேண்டுமா என்ன?

வயதை வைத்து ஆளை ஒதுக்குவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் வந்ததே 1969-ல்தான், ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் உண்டாக்கியது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகத்தில் இருவரில் ஒருவருக்கு முதியவர்களைப் பற்றி இந்த இளக்காரம் இருக்கிறது என்றது. அந்த ஒருவர் யார் என்று நான் தேடிப் போக வேண்டியதில்லை.

எங்கள் வீடு சேலத்தில் குகை என்கிற பகுதியில். அப்பா நெசவாளர். அறுபதைத் தாண்டியதும் மிதியில் கால் வைக்க அவருக்கு வலு போதவில்லை. அண்ணன் குழித்தறியில் இறங்கினான், அப்பா ராட்டைக்கு வந்தார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றினால் அது தார். தார் நாடாவுக்குள் போனால்தான் தறி ஓடும். நெசவு வீடுகளில் மாலை போட்டு யாரையும் வழியனுப்புவதில்லை, தறியிலிருந்து ராட்டைக்கு இறங்கிக்கொள்வார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் தார் சுற்றுவதற்கென்று தனிக் கூலி வந்ததே இல்லை. கூலி வேட்டிக்கு, அதுவும் நெய்தவன் கணக்கில். நூல் ஓடி ஓடி அப்பாவின் இடது ஆள்காட்டி விரலில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு விழுந்திருந்தது. அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

1981-ல் எனக்கு வேலை கிடைத்த புதிது. அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டார். "அவர் இப்போது சும்மாதான் இருக்கிறார்" என்றேன். அப்பா ஆறடி தள்ளி ராட்டையில் உட்கார்ந்திருந்தார். சக்கரம் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடியது. ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு செய்தித்தாளோடு திண்ணையில் போய் உட்கார்ந்தார். முதல் நாள் மிச்சமிருந்த தார் பத்து மணி வரை வந்தது. பிறகு தறிச் சத்தம் நின்றது. உள்ளேயிருந்து அண்ணன், "அப்பா, தார்!" என்று கூப்பிட்டான். பத்திரிகையைத் தாழ்த்தாமலே அப்பா, "நான் சும்மா இருக்கிறேன்" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று அரை நாள் விடுப்புப் போட்டு ராட்டையில் நான் உட்கார்ந்தேன். நான் சுற்றிய தாரெல்லாம் நாடாவுக்குள் போனதும் பொலபொலவென்று அவிழ்ந்து சிக்கியது. அண்ணன் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மாலையில் அப்பா வந்து, "எழுந்திரு" என்றார். ராட்டையைப் பிடிப்பதற்கு முன் நான் சுற்றியதை எல்லாம் பிரித்துப் போட்டார், அவசரமே இல்லாமல்.

அந்த வங்கிப் பையன்மேல் நான் முழுக்கக் கோபப்பட முடியாமல் போவது இதனால்தான். நீங்கள் படலாம். உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சாவி விஷயத்தில் நான் உங்கள் பக்கம் முழுதாக நிற்க மாட்டேன். உடம்பு தளர்வது யாருடைய இளக்காரத்தாலும் அல்ல, அது நிஜம். புறநானூற்றில் 243-ஆம் பாட்டைப் பாடிய கிழவர் அதை ஒளிக்கவில்லை. இருமலுக்கு நடுவே சில சொல்தான் வருகிறது என்று அவரே சொல்கிறார். ஆனால் பாட்டில் பெரும்பகுதி, மரக்கிளையில் ஏறி ஆழமான மடுவில் துடுமெனக் குதித்து, அடியிலிருந்து மணல் அள்ளிக்கொண்டு வந்து காட்டிய பையன். அவருடைய சொந்தப் பெயர் தொலைந்துபோனது. நாம் வைத்த பெயர் தொடித்தலை விழுத்தண்டினார், அவர் ஊன்றிய தடியின் பெயர்.

எனக்கும் ஒரு தடிக் கதை உண்டு. மூன்று வருடம் முன்பு ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கிக்கொண்டிருந்தேன். அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு மனப்பாடம் என்ற திமிர் வேறு. அந்தி நேரம். ஒரு வளைவில் எதிரே ஏறிய பஸ்ஸின் விளக்கு கண்ணில் அடித்தது. வெளிச்சம் பூவாக விரிந்து சாலையையே மூடிவிட்டது. தடுப்புச் சுவர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒன்றும் ஆகவில்லை. ஓரமாக நிறுத்தி ஒரு மிளகுக் கொடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கண்புரை என்றார் மருத்துவர். அறுவை முடிந்த பிறகும், ஆறு மணிக்கு மேல் பைக்கைத் தொடுவதில்லை என்று நானே முடிவு செய்தேன். பகலில் ஓட்டுகிறேன். என் சாவியை நான்தான் ஆணியில் மாட்டினேன். உங்களுடையதை மகன் மாட்டினார், வித்தியாசம் அதுதான். முதலில் கண்ணைக் காட்டுங்கள், காதையும் முட்டியையும் காட்டுங்கள். மருத்துவர் கேள்வியை மகனிடம் கேட்டால், பதிலை நீங்கள் சொல்லுங்கள். ஓட்டக் கூடாது என்று அவர் சொன்னால் சாவியை விட்டுவிடுங்கள், வருத்தமாகத்தான் இருக்கும். சரி என்றால் அன்றே திரும்ப வாங்குங்கள். கொடுக்க மறுத்தால், அவர் விழுந்த இரண்டு முறையைத் தேதியோடு எடுத்துச் சொல்லுங்கள். 34 வருடம் கணக்குப் பார்த்தவருக்குத் தேதியா மறந்திருக்கும்?

அடுத்த ஏப்ரலில் மறுபடி படிவம் கொடுக்க வேண்டும். ஸ்கூட்டரிலேயே போங்கள். மகன் வந்தே தீருவேன் என்றால் பின்னால் உட்கார்ந்து வரட்டும். தலைக்கவசம் இரண்டு பேருக்கும்.