பாதம் தரையில் இருக்கும் நேரம்

அன்புள்ள ஐயா,

மனிதன் ஓடும் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு, அதைக் கிட்டத்தட்ட நெருங்கிவிட்டோம் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். மனசு ஒப்பவில்லை. ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடவே முடியாது என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரோஜர் பானிஸ்டர் ஓடிக் காட்டினார். பிறகு வரிசையாகப் பலர் ஓடினார்கள். தடை காலில் இல்லை, மனதில்தான் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? 100 மீட்டரில் உசைன் போல்ட்டின் 9.58 நொடி சாதனையும் ஒருநாள் உடையும்தானே? அப்புறம் எல்லை எங்கிருந்து வந்தது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மகள் எட்டாம் வகுப்பு, 100 மீட்டர் ஓடுகிறாள். "காலை இன்னும் வேகமாக மாற்று" என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். அவளும் முயல்கிறாள். ஆனால் நேரம் குறையவில்லை, சில நாள் கூடிவிடுகிறது. நான் சொல்லித்தருவது சரிதானா?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

9.58 உடையும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லை இருக்கிறது என்பதால் இந்தச் சாதனைதான் கடைசி என்று ஆகிவிடாது.

முதலில் பானிஸ்டர். 1954 மே 6 அன்று ஆக்ஸ்போர்டில் அவர் ஓடிய நேரம் 3 நிமிடம் 59.4 நொடி. அதற்கு முந்தைய சாதனையையும் பாருங்கள். 1945இல் ஸ்வீடனின் குண்டர் ஹேக் 4 நிமிடம் 1.4 நொடியில் ஓடியிருந்தார். இடைவெளி இரண்டே நொடி! பானிஸ்டருக்கு அடுத்த மாதமே ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி அவரைவிட வேகமாக ஓடினார். பானிஸ்டரைப் பார்த்துத் தைரியம் வந்து லாண்டி ஓடினார் என்று கதை சொல்கிறார்கள். லாண்டி அதற்கு முன்பே பலமுறை 4:02ஐ ஒட்டி ஓடியவர், ஏற்கெனவே வாசலில் நின்றவர். நான்கு நிமிடம் என்பது கடிகாரத்தில் பார்க்க அழகான எண், அவ்வளவுதான். உடம்புக்கு அந்த எண் தெரியாது. பானிஸ்டரின் ஓட்டத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. மருத்துவம் படித்துக்கொண்டே, கிடைத்த கொஞ்ச நேரத்தில் பயிற்சி செய்து அதைச் சாதித்தவர் அவர். ஆனால் மனத்தடை உடைந்ததற்குச் சான்றாக அந்த ஓட்டத்தை வைக்க முடியாது.

100 மீட்டரில் இருக்கும் தடை உண்மையான தடை. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை.

வேகமாக ஓடுகிறவர் காலை வேகமாக வீசுகிறார் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். 2000ஆம் ஆண்டில், ஓட்டத்தை ஆராயும் பீட்டர் வெயண்டும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 33 பேரை ட்ரெட்மில்லில் அவரவர் உச்ச வேகத்தில் ஓடவிட்டார்கள். மெதுவானவரின் உச்சம் நொடிக்கு 6.2 மீட்டர், வேகமானவருடையது 11.1 மீட்டர். கால் தரையை விட்டு எழுந்து, முன்னால் போய், மறுபடி தரைக்கு வரும் நேரத்தை அளந்தார்கள். இரு தரப்புக்கும் அது கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது! வித்தியாசம் காற்றில் இல்லை, தரையில்தான் இருந்தது. வேகமானவர்கள் தரையைப் பலமாக அழுத்தினார்கள், அந்த அழுத்தத்தைக் குறைந்த நேரத்தில் கொடுத்து முடித்தார்கள்.

சரி, இன்னும் பலமாக அழுத்தினால் இன்னும் வேகமாக ஓடலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஓட்டத்தின் நடுவில் ஒரே ஒரு அடியை எடுத்துக்கொள்வோம். பாதம் உடம்புக்குச் சற்று முன்னால் தரையைத் தொடுகிறது. உடம்பு அதன் மேலாகக் கடந்து போகிறது. பிறகு பாதம் பின்னால் தரையை விடுகிறது. தொட்ட நொடியிலிருந்து விடும் நொடி வரை உடம்பு கடக்கும் தூரம் சுமார் ஒரு மீட்டர். காலின் நீளம் அதற்கு மேல் இடம் தராது. நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போனால் அந்த ஒரு மீட்டருக்கு ஆறில் ஒரு பங்கு நொடி கிடைக்கும். 12 மீட்டர் வேகத்தில் போனால் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 0.08 நொடியும் கொஞ்சமும்தான். அதற்குள் உடல் எடையைப் போல நான்கைந்து மடங்கு வரை எட்டும் விசையை ஒற்றைக் காலால் தர வேண்டும். தசை முழு பலத்துக்கு வர இதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும். வேகம் கூடக் கூட, வேகத்தை உண்டாக்கும் நேரமே குறைந்துகொண்டு போகிறது. ஓடுகிறவர் தன் வேகத்தாலேயே கதவைச் சாத்திக்கொண்டு போகிறார்.

காலுக்கு அதற்கு மேல் பலம் இல்லையோ என்று பார்த்தால், இருக்கிறது. அதே வெயண்ட் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை ஒற்றைக் காலில் நொண்டியடித்தபடி உச்ச வேகத்தில் போகச் சொன்னார்கள். அப்போது தரையில் விழுந்த விசை, ஓடும்போது விழுவதைவிட 30 சதவீதத்துக்கும் மேல் அதிகம். நொண்டும்போது பாதம் கூடுதல் நேரம் தரையில் இருக்கிறது, அதனால் தசை தன் பலத்தைக் காட்ட முடிகிறது. பலம் இருந்தும் அதை வெளியே எடுக்க நேரம் இல்லாமல் போவதுதான் மனித வேகத்தின் எல்லை. மன உறுதியால் காலத்தை நீட்ட முடியாது. சிறுத்தை முதுகெலும்பை வில்லாக வளைத்து விரிக்கிறது, அதனால் பாதங்கள் தரையோடு உறவாடும் தூரம் நீள்கிறது. நம் முதுகு நிமிர்ந்து நிற்பதற்கு ஆனது.

இனி போல்ட் 9.58இல் ஓடிய பெர்லினுக்கு வருவோம், 2009 ஆகஸ்ட் 16. போல்ட் முதல் 10 மீட்டருக்கு எடுத்துக்கொண்டது 1.89 நொடி, அடுத்த 10 மீட்டருக்கு 0.99. அதன்பின் படிப்படியாகக் குறைந்து, 60க்கும் 70க்கும் இடையில் 0.81. மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டர் வேகம். அதன்பின் 0.82, 0.83, 0.83. கடைசி 30 மீட்டரில் அவர் பறக்கிறார் என்று நம் கண் சொல்கிறது. உண்மையில் அவர் வேகம் குறைந்துகொண்டிருந்தார், மற்றவர்கள் அவரைவிடக் கூடுதலாகக் குறைந்துகொண்டிருந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பந்தயத்தை மறுபடி பாருங்கள், வேறு பந்தயமாகத் தெரியும்.

9.58 உடையும் என்று சொன்னதற்குக் காரணமும் அந்த ஓட்டத்திலேயே இருக்கிறது. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின் போல்ட் அசைய 0.146 நொடி ஆனது. 0.100 வரை விதி அனுமதிக்கிறது. பின்னிருந்து வீசிய காற்று நொடிக்கு 0.9 மீட்டர், 2.0 வரை செல்லும். இரண்டும் முழுதாகக் கைகொடுத்திருந்தால் அதே கால்கள் 9.50க்கு அருகில் வந்திருக்கும். ஆய்வாளர் மார்க் டென்னி பழைய சாதனைகளை வைத்து 2008இல் கணித்த ஆண்களுக்கான எல்லையும் 9.48தான். ஆக, 9.50 வரை வரும், அதைச் சற்றே தாண்டியும் ஒருவர் போகலாம். 9 நொடி ஆகாது. 1968இல் ஜிம் ஹைன்ஸ் வைத்த 9.95 சாதனையிலிருந்து 9.58க்கு வரவே 41 ஆண்டுகள் ஆயின. பந்தயக் குதிரைகளைப் பாருங்கள். எத்தனையோ தலைமுறைகளாக வேகத்துக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்கள், கொட்டும் பணத்துக்கும் குறைவில்லை. கென்டக்கி டெர்பி என்ற அமெரிக்கக் குதிரைப் பந்தயத்தில் செக்ரட்டேரியட் என்ற குதிரை 1973இல் வைத்த சாதனையை அடுத்த அரை நூற்றாண்டில் எந்தக் குதிரையும் தாண்டவில்லை.

நீண்ட தூர ஓட்டத்தின் கணக்கு வேறு, அங்கே தடை ஆக்சிஜனும் எரிபொருளும். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்கள் மகளிடம் வருகிறேன், உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். "காலை வேகமாக மாற்று" என்பதைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அவள் உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் மெதுவாகிறாள். காலை அவசரமாக மாற்றும்போது அடி சின்னதாகிறது, பாதம் தரையை முழுதாக அழுத்தும் முன்பே எழுந்துவிடுகிறது. "தரையைக் கீழே தள்ளு" என்று சொல்லிப் பாருங்கள். முழங்கால் உயரட்டும், பாதம் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழாமல் இடுப்புக்குக் கிட்டத்தில் விழட்டும், விழும்போது கணுக்கால் தொளதொளவென்று இல்லாமல் இறுகி இருக்கட்டும். கயிறு தாண்டுவதும் இரண்டு கால்களையும் சேர்த்துக் குதிப்பதும் இந்த வயதுக்குப் போதும். அவசரப்பட்டு எடை தூக்க வைக்காதீர்கள்.

ஒருமுறை ஓடுதளத்தின் ஓரத்தில், கோட்டை ஒட்டித் தரையில் உட்கார்ந்து 100 மீட்டர் பந்தயம் பார்த்தேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது அவர்கள் மிதப்பதுபோல இருக்கும். பக்கத்தில் இருந்தால் முதலில் வருவது சத்தம். பின்னால் வந்தவர்களின் அடிகள் 'சொத் சொத்' என்று ஈரத்துணியை அடிப்பதுபோலக் கேட்டன. முன்னால் போன பெண்ணின் அடிகள் 'டக் டக்' என்று, மரத்தில் ஆணி அடிப்பதுபோல. நாளைக்கு ஸ்டாப்வாட்சைப் பையிலேயே வைத்துவிட்டு, 60 மீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் மகளின் அடிகளைக் கேளுங்கள். எப்படிக் கேட்டது என்று எழுதுங்கள்.

அன்புடன்