ஆறடிக்கு மேல் உயரமானவர்களுக்கு மலைப்பாதையில் இருசக்கர வண்டிப் பொருத்தம்: கேள்வி – பதில்

கேள்வி (குன்னூர்): நான் ஆறடி நான்கு அங்குலம் உயரம். எனக்கு எந்த வண்டி சரியாக இருக்கும்?

பதில்: இந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் பதில் சொல்ல முடியாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாக இருக்கும், மற்றவருக்கு உடல் நீளமாக இருக்கும். முன்னவருக்கு முழங்கால் வலிக்கும், பின்னவருக்கு முதுகு வலிக்கும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. செருப்பில்லாமல் சுவரோரம் நிமிர்ந்து நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேலே முட்டும்வரை ஏற்றிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை உள்ள உள்கால் அளவை அளந்து எழுதுங்கள். உடல் எடை, பின்னால் ஆள் ஏறுவார்களா, தினமும் மேட்டுப்பாளையம் போய் வருகிறீர்களா அல்லது எஸ்டேட் மண்பாதையில் ஓட்டுகிறீர்களா என்பவையும் வேண்டும். உள்கால் அளவு இல்லாத கடிதங்களுக்கு இனிமேல் பதில் எழுதுவதாக இல்லை.

கேள்வி (உதகை): உள்கால் அளவு 36 அங்குலம். ஹீரோ எக்ஸ்பல்ஸ் புரோவின் சீட் 891 மி.மீ., ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் சீட் 825 மி.மீ. உயரம் கூடிய முதல் வண்டிதானே எனக்கு வசதி?

பதில்: அளவோடு எழுதியதற்கு நன்றி. ஆனால் சீட் உயரம் என்பது தரைக்கும் சீட்டுக்கும் உள்ள தூரம். உங்கள் முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதைத் தீர்மானிப்பது சீட்டுக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் உள்ள தூரம். எக்ஸ்பல்ஸ் புரோவின் கூடுதல் உயரத்தில் பெரும்பங்கு நீண்ட சஸ்பென்ஷனால் வருவது. சஸ்பென்ஷன் வண்டியைத் தூக்கும்போது ஃபுட்ரெஸ்டும் சேர்ந்தே உயர்கிறது, எனவே அந்தப் பங்கினால் முழங்காலுக்கு எந்த லாபமும் இல்லை. ஹிமாலயனில் சீட்டை மட்டும் 845-க்கு உயர்த்திப் பூட்டலாம். அந்த இரண்டு சென்டிமீட்டரும் முழுதாக முழங்காலுக்குக் கிடைக்கும். ஷோரூமுக்கு டேப்பைக் கையோடு எடுத்துச் சென்று, சீட்டின் நடுப்பகுதியிலிருந்து ஃபுட்ரெஸ்ட்வரை இரண்டு வண்டிகளிலும் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி (கோத்தகிரி): வேலைக்குப் போக 100 சிசி வண்டி வைத்திருக்கிறேன். உயரம் ஆறடி மூன்று. கொண்டை ஊசி வளைவுகளில் ஹேண்டில்பார் முழங்காலில் இடிக்கிறது.

பதில்: இது வெறும் அசௌகரியமன்று, ஆபத்து. பாதி வளைவில் ஹேண்டில் காலில் முட்டி நின்றால் வண்டி எதிர்ப்பக்கம் போய்விடும். வண்டி நிற்கும்போது அதில் அமர்ந்து, ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். முழங்காலுக்கும் கிரிப்புக்கும் இடையே நான்கு விரல் இடைவெளியாவது வேண்டும். சீட்டை ஓர் அங்குலம் உயர்த்தினால் முழங்கால் தாழும், சற்றுப் பின்னால் தள்ளி அமர்ந்தால் இன்னும் விலகும். இரண்டையும் செய்தபின்னும் இடித்தால் அந்த வண்டி உங்களுக்கானதன்று, விற்றுவிடுங்கள்.

கேள்வி (கூடலூர்): குனிந்து ஓட்ட வேண்டியிருந்ததால் ஹேண்டில்பாரை உயர்த்தும் இரண்டு அங்குல ரைசர் போட்டேன். முதுகு வலி போய்விட்டது. ஆனால் கல்லட்டி ஏறும்போது சில வளைவுகளில் எஞ்சின் தானாகவே சத்தம் கூட்டுகிறது, கிளட்ச் வழுக்குவது போலவும் இருக்கிறது. கார்புரேட்டர் கோளாறா?

பதில்: கார்புரேட்டரைத் தொடாதீர்கள். உங்கள் கடிதத்தில் கேபிள்களை மாற்றியதாக ஒரு வார்த்தைகூட இல்லை, கோளாறு அங்கேதான். ஹேண்டில்பார் இரண்டு அங்குலம் மேலே போனால் ஆக்சிலரேட்டர் கேபிளும், கிளட்ச் கேபிளும், முன்பிரேக் ஹோஸும் அதற்கேற்ற நீளத்தில் இருக்க வேண்டும். பழைய நீளத்திலேயே விட்டால் நேர்ச்சாலையில் ஒன்றும் தெரியாது. ஹேண்டிலை முழுதாக ஒடிக்கும்போதுதான் கேபிள் இழுபடும்: நீங்கள் திருகாமலேயே எஞ்சின் வேகம் கூடும், கிளட்ச் அரைகுறையாகப் பிடித்துத் தட்டுகள் தேயும். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள் ஏறுகிறவருக்கு இது ஒரே பயணத்தில் பலமுறை நடக்கிறது.

ரைசரை விற்கிற கடைகளும் பூட்டித் தருகிற பட்டறைகளும் இதைச் சொல்லாமல் அனுப்புவதை நான் பல ஆண்டுகளாகக் கண்டித்து வருகிறேன். பத்து நிமிட வேலை என்று சொல்லிப் பணம் வாங்கிவிடுகிறார்கள். சமவெளியில் சோதித்துப் பார்த்துவிட்டு மலைக்கு அனுப்புகிறார்கள். சென்ற மழைக்காலத்தில் என்னிடம் வந்த ஒரு வண்டியில் பிரேக் ஹோஸ் ஹெட்லைட் பிராக்கெட்டில் உரசி, மேல் ரப்பர் அறுந்து, உள்ளே நூல் பின்னல் தெரிந்தது. லீவரை அழுத்தினால் அந்த இடம் மணிபோல் புடைத்தது. அதோடுதான் அதன் உரிமையாளர் அன்று காலை கீழிருந்து ஏறி வந்திருந்தார். இன்னொரு தவறும் வழக்கமாக நடக்கிறது: ரைசருக்குக் கீழே பழைய போல்ட்டையே போட்டு, நான்கைந்து மரை மட்டும் பிடித்திருக்க இறுக்கிவிடுகிறார்கள். போல்ட்டின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழமாவது மரை உள்ளே போயிருக்க வேண்டும்.

நீங்கள் இப்போதே செய்ய வேண்டியது இதுதான். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். சத்தம் துளியும் மாறக்கூடாது, கிளட்ச் லீவரின் தளர்வு குறையக்கூடாது, ஹோஸ் எங்கும் விறைக்கக்கூடாது. நீளமான கேபிள்களும் ஹோஸும் கிடைக்காவிட்டால் ரைசரைக் கழற்றிவிட்டு, பழைய கேபிள்கள் தாராளமாக எட்டும் அளவுக்கு, ஒரு சென்டிமீட்டரோ ஒன்றரையோ உள்ள சிறிய ரைசரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹோஸ் மாற்றினால் பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

கேள்வி (மஞ்சூர்): ஃபுட்ரெஸ்டை இரண்டு அங்குலம் கீழே இறக்கி வெல்டிங் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். வளைவில் சாயும்போது தாழ்ந்த ஃபுட்ரெஸ்ட் முதலில் சாலையைத் தொடும். கம்பெனி ஃபுட்ரெஸ்ட் தரையில் பட்டால் மடங்கிக்கொள்ளும்படி கீல் வைத்திருக்கிறார்கள். வெல்டிங் செய்தது மடங்காமல் வண்டியையே நெம்பித் தூக்கிவிடும். அதோடு பிரேக் பெடலும் கியர் லீவரும் பழைய இடத்திலேயே நின்றுவிடுவதால் பாதம் எட்டாது. நீளமான காலுக்குத் தரை எளிதாக எட்டும் என்பதால், அந்த வசதியைப் பயன்படுத்திச் சீட்டை உயர்த்துவதே சரியான வழி. இளகிய ஸ்பாஞ்சு வைத்தால் நீங்கள் அமர்ந்தவுடன் அமுங்கிவிடும். கெட்டியான ஃபோம் கேளுங்கள். நம் ஊர் மழைக்குத் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதால் உறைக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (அருவங்காடு): மேட்டுப்பாளையம் இறங்கி முடிப்பதற்குள் மணிக்கட்டு மரத்துப்போகிறது.

பதில்: இறக்கத்தில் நீங்கள் சறுக்கி டேங்க் வரை வந்துவிடுகிறீர்கள், உடல் பாரம் முழுவதையும் கை தாங்குகிறது. முழங்கால் டேங்கின் பள்ளத்தில் பொருந்தாத உயரமானவர்களுக்கு இது அதிகம். டேங்கின் பக்கங்களில் ரப்பர் பட்டை ஒட்டித் தொடையால் அணைத்துப் பிடியுங்கள், முன்னோக்கிச் சரியும் சீட்டைச் சமப்படுத்துங்கள், இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.

கேள்வி (கட்டபெட்டு): ஷூ அளவு 12. கியர் மேலே போடும்போது பாதம் சிக்குகிறது.

பதில்: கியர் லீவரை, அது மாட்டியிருக்கும் பல்தண்டில் (ஸ்ப்ளைனில்) ஒரு பல் மேலேற்றிப் பூட்டுங்கள். மழைக்காலத்தில் கம்பூட்ஸோடு ஓட்டுபவரானால் அதைப் போட்டுக்கொண்டே சரிபாருங்கள்.

கேள்வி (பந்தலூர்): ஐந்தடி நான்கு அங்குலம் உள்ள தம்பியும் ஆறடி இரண்டு உள்ள நானும் ஒரே வண்டியை ஓட்டலாமா?

பதில்: ஓட்டலாம், ஆனால் வண்டியைத் தம்பிக்குப் பொருத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். சரிவான இடத்தில் கால் எட்டாமல் வண்டியைச் சாய்த்துவிடுவது குட்டையானவருக்குத்தான் நேரும். உயர்த்திய சீட் ஒன்றைத் தனியாகச் செய்து வைத்து, நீங்கள் ஓட்டும் நாளில் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும் ஒவ்வொரு முறையும் சீட்டின் பூட்டு விழுந்துவிட்டதா என்று கையால் இழுத்துப் பார்த்த பிறகே வண்டியை எடுங்கள்.